பல் பார்த்து வாங்கிய கோழி

எங்கள் குடும்பத்தில் ஆண்களுக்கு மாடு, பெண்களுக்குக் கோழி. யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் யாரும் மீறியதும் இல்லை. காளை வாங்கப் போகிற நாளில் பெண்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். கோழி விஷயத்தில் நாங்கள் வாயைத் திறப்பது இலை போட்ட பிறகுதான். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்து, கோழி வாங்குகிறேன், கூடு கட்டுகிறேன் என்று கிளம்பிய முதல் ஆண்பிள்ளை நான்.

என் சுபாவத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இடி இடித்தால் பயப்படுவேன். இடிக்காமல் மேகம் மட்டும் வந்து நின்றால் இன்னும் அதிகமாகப் பயப்படுவேன். ஆனால் காட்டிக்கொள்ள மாட்டேன். மீசையை முறுக்கிக்கொண்டே நடுங்குகிற ஆள். இப்போது ஐம்பதை நெருங்கும்போது மீசை நரைத்துவிட்டது. நடுக்கம் மட்டும் இன்னும் வாலிபமாகவே இருக்கிறது.

நயா பைசா வந்த புதிது. என் மனைவிக்கு ஏழாம் மாதம். அதற்கு முன் இரண்டு முறை தங்காமல் போன வயிறு. அவளைப் பார்த்த நர்சம்மா, "உடம்புல ரத்தமே இல்ல. பிள்ளை பொறந்த பிறகு இவளைத்தான் நல்லாப் பாத்துக்கணும். முட்டை, கோழிச்சாறு, எதையும் விடாதீங்க" என்று சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் அப்போது கோழி கிடையாது. முந்தின வருஷம் வெள்ளைக் கழிச்சல் வந்து, அவள் வளர்த்த ஏழு கோழியும் நாலே நாளில் போய்விட்டன. பழைய கூட்டை அவளே இழுத்துப் போட்டுக் கொளுத்திவிட்டாள்.

வளையல் போட்ட அன்று மாமியார் பெண்ணை அழைத்துப்போக வந்திருந்தார். அவருடைய ஊர் கறம்பக்குடிக்கு அங்கிட்டு இரண்டு மைல். கூடத்தில் எல்லாரும் இருக்கும்போது, "கோழிக்கு ஒண்ணும் கவலை இல்ல, எங்க வீட்டுலயே கெடக்கு" என்று மாமியார் சொன்னார். எனக்கு எங்கிருந்துதான் அந்த வீரம் வந்ததோ.

"அத்தை, எம் பொண்டாட்டிக்கு என் வீட்டுக் கோழிதான் கொதிக்கணும். பிள்ளை பொறந்து தலைக்குத் தண்ணி ஊத்துற அன்னைக்கு நான் கொண்டாரேன்" என்றேன்.

"ஒங்களுக்குக் கோழியப் பத்தி என்னங்க மாப்ளே தெரியும்?"

"மாடு தெரிஞ்சவனுக்குக் கோழி என்ன பெரிய வித்தையா?"

மாமியார் திரும்பினார். என் மனைவியைப் பார்த்தார். அவள் வளையலைப் பார்த்தாள். பிறகு வண்டி ஏறும்போது என் பக்கம் குனிந்து, "வேணாம்ங்க. மதினிகிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டுக்கங்க" என்று சொன்னாள்.

மதினி என்றால் என் அண்ணன் மனைவி. பக்கத்து வீடு. நடுவில் ஒரு கிளுவை வேலி. அந்த வேலிக்கு மேல் தெரிகிற அவர் தலைதான் எனக்கு அன்றைய செய்தித்தாள், நீதிமன்றம் எல்லாம். அவரிடம் கேட்பதா? கேட்டால் கேட்ட விஷயம் ஊருணிக்கரையில் குடம் வைக்க இடம் பிடிப்பதற்குள் ஊர் முழுக்கப் போய்விடும். கேட்பதில்லை என்று முடிவு செய்தேன்.

முதலில் கூடு. காசு செலவழிக்காமல் கட்டிக் காட்ட வேண்டும் என்று ஒரு பிடிவாதம். கொல்லையில் கிடந்த செம்பாறைக் கல், கண்மாயிலிருந்து ஒரு வண்டி மண், ஒடிந்த வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள், பனையோலை, மண்ணெண்ணெய் வந்த தகரம். ஆணிக்கு மட்டும்தான் கடைக்குப் போனேன். நாலு நாள் வேலை. கட்டி முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. என் மார்பு உயரத்துக்குச் சுவர், முன்பக்கம் தாராளமாக வாசல், உள்ளே நீளமாக ஒரு தீனித் தொட்டி, நடுவில் ஒரு கட்டுத்தறி.

வேலிக்கு மேல் தலை வந்தது.

"என்ன கொழுந்தனாரே, காளை எப்ப வருது?"

"கோழிக்கு, மதினி."

"கோழிக்கா! மூக்கணாங்கயிறு வாங்கியாச்சா?"

நான் சுத்தியலை வேகமாகத் தட்டினேன். அடிக்க ஆணி எதுவும் பாக்கி இல்லை, சும்மாதான் தட்டினேன்.

"சிரிக்கலங்க. நெசமாத்தான் சொல்றேன். இம்புட்டு ஒசரம் கட்டுனா மார்கழியில வெறைச்சுப் போகும். முழங்கால் ஒசரம் போதும். கோழி மேல கோழி ஒட்டிக்கிட்டு ஒறங்கணும். வாசல் ஒரு கோழி குனிஞ்சு நொழையற அளவு இருந்தாப் போதும், இல்லைன்னா நரி நிமிந்தே நடந்து வரும். கீழ வெறும் தரையா விட்டீங்கன்னா கீரி தோண்டிரும். கல்லு பாவி, மேல சாம்பல் தூவுங்க, செள்ளுப்பூச்சி அண்டாது. பின்சொவத்துல காத்துக்கு ரெண்டு ஓட்டை."

"எல்லாம் எனக்குத் தெரியும் மதினி."

"தெரிஞ்சாச் சரி" என்று தலை இறங்கியது. அவர் வயலுக்குப் போகிற வரை காத்திருந்து, பாதிச் சுவரை இடித்தேன். சாயங்காலம் அவர் திரும்பி வந்தபோது முழங்கால் உயரத்தில், கல் பாவி, சாம்பல் தூவி, பின்னால் இரண்டு ஓட்டையுடன் ஒரு கூடு நின்றது. "நான் முதல்லயே இப்படித்தான் நெனைச்சிருந்தேன்" என்றேன். "ஆமாமா, சொவருதான் தப்பா நெனைச்சிருச்சு" என்றார் மதினி. மூலையில் முட்டை இடுவதற்கு வைக்கோல் போட்டு ஒரு பழைய கூடை வைத்தேன். கூடை புரளாமல் இருக்க அதற்குள் வழவழப்பான ஓர் உருண்டைக் கல்லையும் போட்டேன். அந்தக் கல் என் சொந்த யோசனை. பின்னால் அது என் மானத்தை வாங்கியது.

அடுத்தது கறம்பக்குடிச் சந்தை. எனக்கு அந்தச் சந்தையில் மாடு கட்டுகிற பக்கம்தான் பழக்கம். கோழிகள் வரிசையாகக் கூடைக்குள் இருக்கிற பக்கம் போனதே இல்லை. எல்லாம் பெண்கள். வெற்றிலை போட்டுச் சிவந்த வாயோடு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். அவர் கூடையிலிருந்து ஒரு கோழியை எடுத்தேன். எடுத்ததும், மாட்டுக்கு வயது பார்த்துப் பழகிய என் கை தானாகச் செய்த காரியம், அதன் அலகைப் பிளந்து உள்ளே பார்த்தது.

"என்னய்யா பண்றீங்க?"

"பல்லு பாக்குறேன்" என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கே உறைத்துவிட்டது. ஆனால் சொன்ன சொல் காதில் விழுந்துவிட்டது. அவர் காதில் மட்டும் இல்லை, அந்த வரிசை முழுவதும்.

"எத்தனை பல்லு இருக்கு?" என்று நாலாவது கூடைக்காரி கேட்டார்.

பதற்றத்தில் ஒரு தப்பை மறைக்க இன்னொரு தப்பு செய்வது என் வழக்கம். சீக்கிரமாக விலை பேசி முடித்துவிட்டு ஓடிவிடலாம் என்று நினைத்தேன். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. இருவரும் கையைக் கோத்து, மேலே துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து அழுத்தியே பேசி முடிப்போம். பக்கத்தில் நிற்கிறவனுக்குக்கூட விலை தெரியாது. இருபது வருஷப் பழக்கம். தோளில் இருந்த துண்டை எடுத்து அந்த அம்மாள் கை மேல் போட்டு, விரலைப் பிடிக்கப் போனேன்.

"யோவ்! பொம்பளை கையில துண்டப் போடுறியே, நீ என்ன ஆளுய்யா!"

அந்தக் குரலுக்குச் சந்தையே திரும்பியது. கோழிகள்கூடத் திரும்பின. "அம்மா, அம்மா, மாட்டுக்காரன்ம்மா, பழக்கதோஷம்" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். துண்டைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டேன்.

அந்த அம்மாள் சட்டென்று அமைதியானார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மாட்டுக்காரரா? வீட்டுல பிள்ளத்தாச்சியா?"

"ஆமாம்மா. எப்படித் தெரியும்?"

"மொகத்துல எழுதியிருக்கே" என்றவர், எனக்குக் காட்டிய கூடையை ஓரமாகத் தள்ளினார். பின்னால் சாக்குப் போட்டு மூடியிருந்த கூடையைத் திறந்து, முட்டை இடுகிற பருவத்தில் இருந்த நாலு வெடைக்கோழிகளை எடுத்தார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் வேறொருவர் அதைக் கேட்டபோது, "அது வித்துப்போச்சு" என்று சொன்ன கூடை அது. "இந்தாங்க. ஒங்களுக்குன்னே வச்சது" என்றார். எல்லா வியாபாரிகளும் சொல்கிற பேச்சுத்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

நான் அலகுப் பக்கம் போகாமல் இருக்க, அவரே ஒவ்வொன்றாகக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிக் காட்டினார். "தலையைத் தூக்கிப் பாக்குதா? றெக்கையை அடிக்குதா? அதான் தெம்பு. கொண்டை செவப்பு. மூக்குல தண்ணி இல்ல. வால் பக்கம் மயிரு ஒட்டாம சுத்தமா இருக்கு, பாருங்க. எரப்பையத் தொடுங்க. மெத்துனு இருக்கா? சில பேரு எடைக்காக மணலை ஊட்டிருப்பாங்க, கல்லாட்டம் இருக்கும்."

எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தேன். ஒன்று மட்டும் புரியவில்லை. நாலு கோழிக்கும் இடது கால் ஓர விரலின் நகம் வெட்டியிருந்தது.

"இது என்னம்மா?"

"சண்டை போட்டுச்சு."

"நாலுமா? ஒரே எடத்துலயா?"

"ஒண்ணோட ஒண்ணு" என்றார், கண் இமைக்காமல். விலையில் பெரிதாகப் பேரமும் பேசவில்லை. நான் கேட்டதற்குக் கொடுத்தார். மாட்டுச் சந்தையில் யாராவது இப்படிக் கொடுத்தால் காளைக்கு ஏதோ குறை என்று பத்து முறை சுற்றிப் பார்த்திருப்பேன். அன்றைக்கு அந்த இடத்தை விட்டு ஓடினால் போதும் என்று இருந்தது.

கோழிகள் நன்றாக இருந்தன. மாட்டுக்கு வைக்கிற மாதிரி நிறத்தைச் சொல்லியே கூப்பிட்டேன்: செவலை, மயிலை, காரி, வெள்ளை. கம்பும் நொய்யும் போட்டேன். ஒரு மாதத்தில் செவலை முதல் முட்டை இட்டது. அந்த முட்டையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, தேவையே இல்லாமல் வேலி ஓரமாக நாலு தடவை நடந்தேன். மனைவிக்குக் கார்டு எழுதினேன். அவள் பதில் கார்டில், "செவலை அடங்காதே, வேலி தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று எழுதியிருந்தாள். செவலை வேலி தாண்டும் என்று நான் எழுதினேனா? எழுதியிருப்பேன். பெருமை பேச உட்கார்ந்தால் எதையும் விடுகிற ஆள் இல்லை நான்.

பெண் குழந்தை பிறந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். பிள்ளை நன்றாக இருந்தாள். என் மனைவிதான் துவைத்துக் காயப்போட்ட துணி மாதிரிக் கிடந்தாள். கையைப் பிடித்தேன், கையில் கனமே இல்லை. வாசலில் மாமியார், "பதினோராம் நாள் தண்ணி ஊத்துறோம், மாப்ளே. கோழி வந்துரும்ல? நோய்க் கோழி ஆகாது. பச்சை ஒடம்பு" என்றார்.

"வரும் அத்தை" என்றேன், மீசையை முறுக்கிக்கொண்டு.

எட்டாம் நாள் கீழத்தெருவில் கோழிகள் விழுகின்றன என்று செய்தி வந்தது. ஒன்பதாம் நாள் காலையில் கூட்டைத் திறந்தேன். மூன்று வெளியே வந்தன. செவலை வரவில்லை. குனிந்து பார்த்தேன். கூடைக்குள் இறகெல்லாம் சிலிர்த்துப் பந்து மாதிரி உட்கார்ந்திருந்தது. கண் எங்கேயோ பார்த்தது. தீனி போட்டால் தொடவில்லை. கையை நீட்டினேன். தொண்டைக்குள்ளிருந்து 'க்ர்ர்ர்' என்று ஒரு சத்தம், உடனே ஒரு கொத்து. நெஞ்சுப் பக்கம் மயிர் உதிர்ந்து வைக்கோலில் கிடந்தது.

கழிச்சல் வந்துவிட்டது. முதலில் இது போகும், பிறகு அந்த மூன்றும் போகும். வெறுங்கையோடு போய் நிற்பேன். அது போகட்டும், மானம்தானே. நோய் வெளியே தெரியாமல் இந்த மூன்றில் ஏற்கெனவே ஒட்டியிருந்து, நான் கொண்டுபோய், அதைக் கொதிக்க வைத்து, அந்தப் பச்சை உடம்புக்காரி குடித்து... அதற்கு மேல் நினைக்க முடியாமல் மாட்டுக் கொட்டகையில் போய் உட்கார்ந்துவிட்டேன். காளை என் தலையை நக்கியது. எனக்கு ஆறுதல் சொல்ல அன்றைக்கு அது ஒன்றுதான்.

மூன்று கோழிகளையும் பிரித்துக் கொண்டுவந்து கொட்டகையில், ஒவ்வொன்றின் காலிலும் கயிறு கட்டி, காளையின் கட்டுத்தறியில் கட்டினேன். காளை ஒன்றும் சொல்லவில்லை. பூண்டு, மிளகு, சீரகம் தட்டிக் கசாயம் வைத்தேன். மாட்டுக்கு மருந்து ஊற்றுகிற மூங்கில் குழாயை எடுத்துக்கொண்டு செவலையிடம் போனேன். குழாய் கோழியை விடப் பெரிது. கசாயத்தில் பாதி என் வேட்டியில், மீதி என் கண்ணில். செவலை என் கையை மூன்று இடத்தில் கொத்திவிட்டு மறுபடியும் கூடையில் போய் உட்கார்ந்துகொண்டது. சாகப்போகிற கோழிக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. வேப்பிலைப் புகை போட்டேன். கோழி இருமவில்லை, நான்தான் இருமினேன்.

மறுநாளும் அதே கோலம். உச்சி வெயிலில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் மாமரத்தடியில் குழி வெட்ட ஆரம்பித்தேன். இறந்த பிறகு வெட்டினால் நேரமாகும், தயாராக இருப்போம் என்று ஒரு முன்யோசனை. செவலைக்கு ஒரு குழி வெட்டிவிட்டு, பக்கத்தில் இன்னும் மூன்றுக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தேன்.

"என்ன கொழுந்தனாரே, தென்னம்பிள்ளையா?"

தலை நிமிர்ந்தேன். வேலிக்கு மேல் மதினி. அன்றைக்கு அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு வீம்பு வரவில்லை, அழுகை வந்துவிட்டது. மண்வெட்டியைக் கீழே போட்டேன்.

"மதினி, கழிச்சல் வந்துருச்சு. செவலை முடிஞ்சுது. நாளைக்குத் தண்ணி ஊத்துறாங்க. நான் என்னத்தத் தூக்கிட்டுப் போவேன்? அவ கையில ரத்தமே இல்ல, மதினி."

மதினி சிரிக்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேலிச் சந்தில் நுழைந்து நேராகக் கூட்டுக்கு வந்தார். குனிந்து பார்த்தார். செவலைக்கு அடியில் கையை விட்டார். 'க்ர்ர்ர்' என்றது. கையை வெளியே எடுத்தார். கையில் என் உருண்டைக் கல். அது சுடச்சுட இருந்தது.

மதினி அந்தக் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நான் வெட்டிய குழியைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். பேச்சு வர வெகு நேரம் ஆனது.

"அடப் பாவி மனுசா! சாகலய்யா அது. அடைக்கு உக்காந்திருக்கு!"

"என்னது?"

"முட்டை இட்டு முடிச்சிருச்சு. குஞ்சு பொரிக்க உக்காந்திருக்கு. அடை கோழி திங்காது, நகராது, கிட்டப் போனாக் கொத்தும். நெஞ்சு மயிரைத் தானே புடுங்கிக்கும், சூடு முட்டையில படணும்னு. நீங்கதான் தெனமும் முட்டையை எடுத்துட்டீங்களே, அது என்ன பண்ணும்? ஒங்க கல்லை வச்சு அடைகாக்குது!"

"மத்ததெல்லாம்?"

கொட்டகைக்கு வந்து பார்த்தார். காளையின் கட்டுத்தறியில் வரிசையாகக் கட்டிக் கிடந்த மூன்றையும் பார்த்ததும் மறுபடியும் சிரிப்பு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஒவ்வொன்றாகத் தலைகீழாகத் தூக்கினார். தலையைத் தூக்கிப் பார்த்தன. இறக்கையை அடித்தன. வால் பக்கம் சுத்தம். "குண்டுக்கல்லாட்டம் இருக்கு. தூக்கிட்டுப் போங்க. இந்தக் குழியில வாழைக் கன்னை வையுங்க."

நான் அங்கேயே சாணித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை நெல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. மதினி வீட்டுக்குப் போய் பதினோரு முட்டை கொண்டுவந்தார். ஒற்றைப்படையில்தான் வைக்க வேண்டுமாம். இடிக்குப் பயந்து முட்டை கூமுட்டையாகாமல் இருக்க ஒரு அடுப்புக்கரியும் இரும்புத் துண்டும் கூட வைத்தார். இடிக்குப் பயப்படுகிற முட்டை என்றதும் எனக்கு அவற்றின் மேல் ஒரு தனிப் பாசம் வந்துவிட்டது.

மறுநாள் மூன்று கோழிகளையும் கூடையில் கட்டி, சேர்த்து வைத்திருந்த முட்டைகளைத் தவிட்டுக்குள் புதைத்து, பஸ் ஏறிப் போனேன். மாமியார் ஒவ்வொன்றையும் காலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். ஒன்றைச் சாற்றுக்கு ஒதுக்கிவிட்டு, மற்ற இரண்டின் கட்டை அவிழ்த்துக் கொல்லையில் விட்டார். புது இடம், மிரண்டு ஓடும் என்று பிடிக்கத் தயாராக நின்றேன். அவை மிரளவில்லை. நேராக ஆட்டுக்கல்லுக்குப் பின்னால் போய், அங்கே மறைவாக இருந்த மண்சட்டியில் தண்ணீர் குடித்தன. அங்கே சட்டி இருப்பது எனக்கே தெரியாது.

கொல்லையில் மேய்ந்துகொண்டிருந்த மற்றக் கோழிகளின் காலைப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் இடது கால் ஓர விரலின் நகம் வெட்டியிருந்தது. தன் வீட்டுக் கோழி என்று தெரிய மாமியார் வைக்கிற அடையாளம்.

நிமிர்ந்து பார்த்தேன். மாமியார் மிகவும் கவனமாக மிளகு தட்டிக்கொண்டிருந்தார்.

"நல்ல கோழியாத்தான் பாத்து வாங்கியிருக்கீங்க மாப்ளே" என்றார், தலையைத் தூக்காமல்.

"மாட்டுக்காரன் கண்ணு அத்தை" என்றேன்.

உள்ளே மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "செவலை எங்கங்க?" என்று கேட்டாள்.

"அவளுக்கும் பேறுகாலம். பதினொண்ணு" என்றேன். குழியையும் கட்டுத்தறியையும் மூங்கில் குழாயையும் ஒன்று விடாமல் சொன்னேன். சந்தையில் நடந்ததை மட்டும் மறைத்துவிட்டேன். "சிரிக்க வைக்காதீங்க, வயிறு வலிக்குது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாறு வந்தது. மிளகு வாசனையில் எனக்கே தும்மல். அவள் இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடித்து, ஊதி ஊதி, அடியில் கிடந்த பூண்டு வரைக்கும் குடித்து முடித்தாள். நெற்றியில் வியர்வை துளிர்த்தது. முகத்தில் கொஞ்சம் நிறம் வந்த மாதிரி இருந்தது. வெயிலாகக்கூட இருக்கலாம், நான் நிறம் என்றே வைத்துக்கொண்டேன்.

கிண்ணத்தை என்னிடம் நீட்டும்போது, "ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள்.

"கேளு."

"கோழிக்கு எத்தனை பல்லு இருந்துச்சு?"